அர்த்தரதனுக்கு ஐந்து நட்சத்திரம்

லட்சுமிக்கே ஒரு முறை தரவரிசைச் சிக்கல் வந்திருக்கிறது. வைகுண்டத்தில் ஸ்ரீதேவி, பூதேவி, நீளாதேவி மூவரில் யார் உயர்ந்தவர் என்று தோழிமார் தொடங்கிய பேச்சு முற்றிப்போக, ஸ்ரீதேவி கோபித்துக்கொண்டு பூமிக்கு இறங்கி ஒரு குன்றில் தவம் இருந்தாராம். பெருமாள் நேரில் வந்து, முதலிடம் உனக்குத்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகே விவகாரம் ஓய்ந்தது. திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாள் கோயிலின் தலபுராணம் இப்படிச் சொல்கிறது. அந்தக் குன்றுக்கும் ஒரு முன்கதை உண்டு. பெருமாளுக்குப் படுக்கையாவதில் ஆதிசேஷன் பெரியவனா, ஆலமரம் பெரியதா என்ற வழக்கில் பின்தங்கிய ஆலமரம்தான் தவம் செய்து இங்கே மலையாக நிற்கிறதாம். 108 திவ்யதேசங்களில் ஒன்றான இத்தலம், 2021-ல் சிவகாசி மாநகராட்சியான போது அதற்குள் வந்துவிட்டது. ஆக, யார் பெரியவர் என்ற கேள்வி இந்த வட்டாரத்துக்குப் பூர்வீகச் சொத்து.

சிவகாசியை ஒட்டி இருக்கும் விஸ்வநத்தத்தில் லட்சுமியின் இடம் வேறு விதமாகத் தீர்மானமாகிறது. குருவி வெடிக்கு மேல், அணுகுண்டுக்குக் கீழ். பட்டாசுக் கடையில் சத்தத்தை வைத்து இந்த வரிசையைப் பத்து வயதுப் பையன் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். தாமரை மேல் அமர்ந்த தேவியின் படம் ஒட்டிய அந்த வெடியை எடுத்து, திரியின் நுனிக் காகிதத்தைக் கிள்ளி, ஊதுவத்தியால் பற்றவைத்து ஓடிவருவான். மறுநாள் காலையில் தெருக்குப்பையில் தேவியின் கை ஓரிடம், தாமரை ஓரிடம் கிடக்கும். லட்சுமி பூஜையும் அதே வீட்டில்தான் நடக்கும்.

அதே பையன் மாலையில் கைபேசியில் 'ஃப்ரீ ஃபயர்' ஆடுகிறான். அங்கேயும் வரிசைதான் பேச்சு. எந்தக் கேரக்டர் முதல் அடுக்கு, எது தண்டம், யாருக்காக டைமண்ட் சேர்க்கலாம்? உலகம் முழுக்க வீடியோ கேம் ஆடுகிறவர்கள் கேரக்டர்களை எஸ், ஏ, பி, சி என்று அடுக்கு அடுக்காகப் பிரித்துவைத்துச் சண்டை போடுகிறார்கள். எஸ் என்பது ஏ-க்கும் மேல். அது ஜப்பானிய மதிப்பெண் பழக்கத்திலிருந்து வந்தது. அடுக்கில் நிற்பது யாரோ ஒரு கற்பனைச் சிப்பாயாக இருக்கும்வரை இதில் தத்துவம் எதுவும் இல்லை. அங்கே ராமரும் காளியும் கர்ணனும் நிற்கும்போதுதான் கேள்வி பிறக்கிறது. தெய்வத்தையும் காவிய மாந்தரையும் வரிசை போடலாமா? அதற்கு முன்னால், அவர்களை ஒருவன் கட்டைவிரலுக்குக் கீழே கொண்டுவரலாமா?

முதலில் விளையாட்டின் உள்கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு கேரக்டர் எப்போதும் வென்றால் எல்லோரும் அதையே எடுப்பார்கள், மற்றவை தூசி படிந்து கிடக்கும். அதனால் தயாரிப்பாளர்கள் சில மாதங்களுக்கு ஒரு முறை வலுத்தவனின் பலத்தைக் குறைத்து, மெலிந்தவனுக்குக் கூட்டுகிறார்கள். கிறிஸ்டியானோ ரொனால்டோவின் சாயலில் 2020 டிசம்பரில் ஃப்ரீ ஃபயருக்குள் வந்த குரோனோ, தன் கேடயத்தால் எல்லோரையும் ஆட்டிப்படைத்தான். மறு ஆண்டே அவன் சக்தியை வெட்டிவிட்டார்கள். ஆடுகிறவன் வரிசையைத் தேடுகிறான், ஆட்டத்தைச் செய்தவனோ வரிசையே இல்லாத நிலையைத் தேடுகிறான். (பட்டாசிலும் இது உண்டு. அடுக்கின் உச்சியில் இருந்த சரவெடியை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் ஒரே தீர்ப்பில் இறக்கிவிட்டது.)

இனி, தெய்வங்கள் உள்ளே வந்த கதை. அமெரிக்காவின் ஹைரெஸ் ஸ்டுடியோஸ் உருவாக்கி 2014-ல் முழுமையாக வெளியிட்ட 'ஸ்மைட்' என்ற ஆட்டத்தில் ஆடுகிறவர் எடுத்துக்கொள்ளும் கேரக்டர்கள் எல்லாமே தெய்வங்கள், அசுரர்கள், புராண வீரர்கள். ஜீயஸ், தோர், அனுபிஸ் ஆகியோருடன் அக்னி, காளி, வாமனன், பகாசுரன் என்று ஒரு இந்து வரிசையும் இருந்தது. பிறகு ராமர், ராவணன், கும்பகர்ணன், கணேசர், சிவன் என்று அது நீண்டது. எச். பி. லவ்கிராஃப்ட் 1928-ல் வெளியிட்ட ஒரு சிறுகதையின் பூதமான கதுலுவும் 2020-ல் இந்தத் தேவ சபையில் இடம் பிடித்தது. இயேசு கிடையாது. எந்த மதத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற வியாபாரக் கணக்கும் ஒருவகைத் தரவரிசைதான்.

ஆட்டம் சோதனை நிலையில் இருந்த 2012-லேயே அமெரிக்காவில் ராஜன் செட் என்பவர் எதிர்ப்புக் குரல் எழுப்பினார். கோயிலில் வணங்கப்படும் காளியை ஆடுகிறவரின் கைப்பாவை ஆக்குவது இழிவு, தேவியைச் சித்தரித்த விதமும் சரியில்லை என்பது அவர் வாதம். நிறுவனம் சாமர்த்தியமாகப் பதில் சொன்னது. ஒரே உண்மை பல வடிவம் எடுக்கிறது என்பதுதானே இந்து மதம், அப்படியானால் ஆட்டத்தில் உள்ள எல்லாத் தெய்வங்களையும் இந்துத் தெய்வங்கள் என்றே கொள்ளலாமே, இன்னும் நிறையச் சேர்ப்போம் என்றது. அத்வைதத்தை விற்பனைத் துறை இவ்வளவு வேகமாகப் பயன்படுத்தியது அதுவே முதல் முறையாக இருக்கலாம்.

தெய்வத்தை ஒருவர் தன் உடம்பில் ஏற்று ஆடுவது நமக்குப் புதிதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்து நடக்கிறது. கர்ண மோட்சத்தில் கர்ணன் வேடம் கட்டியவர் விழும்போது ஊரே அழுகிறது. சிவனும் பார்வதியும் சொக்கட்டான் ஆடியதாகவும் சிவன் தோற்றதாகவும் கதை சொல்லி ரசித்த சமூகம் இது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுகிறோம். பாம்பில் இறங்கி ஏணியில் ஏறி விஷ்ணுவின் காலடிக்குப் போய்ச் சேரவேண்டும். ஆனால் அந்தக் கட்டத்தில் நகரும் காய் யார்? நாம்தான். கூத்திலோ வேடம் கட்டியவர் விரதம் இருந்து, தன்னை ஒதுக்கிவைத்துவிட்டுக் கர்ணனுக்கு இடம் கொடுக்கிறார். ஸ்மைட்டில் காளி வென்றால் ஆடியவரின் புள்ளி ஏறும். தோற்றால் அடுத்த முறை வேறு தெய்வத்தை எடுத்துக்கொள்வார். ராஜன் செட் ஆடையைப் பற்றிப் பேசியதைவிடக் கைப்பாவை என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது.

வரிசைக்கு வருவோம். மகாபாரதத்தின் உத்யோக பர்வத்தில் ஒரு முழு நீளத் தரவரிசையே இருக்கிறது. போர் தொடங்கப்போகிறது. இரண்டு பக்கத்திலும் யார் ரதன், யார் அதிரதன், யார் மகாரதன் என்று சேனாதிபதி பீஷ்மரிடம் துரியோதனன் கேட்கிறான். கிழவர் ஒவ்வொருவராக எடுத்துப் போடுகிறார். கிருதவர்மன் அதிரதன், சல்லியன் அதிரதன். பீமன் எட்டு ரதர்களுக்குச் சமம். அசுவத்தாமனிடம் வரும்போது தயங்குகிறார். திறமைக்குக் குறைவில்லை, ஆனால் அவனுக்குத் தன் உயிர் மேல் ஆசை அதிகம், அதனால் அவனை இந்தக் கணக்கிலேயே சேர்க்கமாட்டேன் என்கிறார். இன்றைய ஆட்டக்காரர்களின் வரிசைகளில் இப்படி ஒரு கூர்மையான குறிப்பைப் பார்ப்பது அபூர்வம். எண்களில் வராத ஒன்றை, சாகத் துணியாதவன் என்ற ஒற்றைக் குணத்தை, அவர் மொத்தத் திறமைக்கும் எதிரே வைத்து நிறுத்துகிறார்.

பிறகு கர்ணன். அவன் அர்த்தரதன், அதாவது பாதி ரதன் என்கிறார் பீஷ்மர். காரணமும் தருகிறார். கவச குண்டலங்கள் போய்விட்டன. பரசுராமரின் சாபம் இருக்கிறது, கற்ற வித்தை வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வராது. பிறவிக் கருவி பறிபோயிற்று, பெரிய அஸ்திரம் முடங்கிற்று, எனவே மதிப்பெண் பாதி. கைபேசியோடு வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம். துரோணரும் ஆமாம் போடுகிறார். கர்ணன் கொதித்தெழுகிறான். படைக்குள் பிளவு உண்டாக்குகிறீர் என்று கிழவரைச் சாடிவிட்டு, நீர் இருக்கும்வரை நான் ஆயுதம் எடுக்கமாட்டேன் என்கிறான். விளைவு, பதினெட்டு நாள் போரில் முதல் பத்து நாள் கௌரவர்களுக்குக் கர்ணன் இல்லை. படையின் பலத்தை அளக்கப் போட்ட பட்டியலே படையின் பலத்தைக் குறைத்துவிட்டது.

பத்தாம் நாள் பீஷ்மர் அம்புப் படுக்கையில் விழுந்த பின் கர்ணன் தனியே வந்து காலடியில் நிற்கிறான். அப்போது கிழவர் மனம் திறக்கிறார். உன் வேகத்தைத் தணிக்கவே கடுமையாகப் பேசினேன், வில்லில் நீ அர்ச்சுனனுக்கும் கிருஷ்ணனுக்கும் நிகரானவன் என்கிறார். அப்படியானால் அந்த 'அர்த்தரதன்' எதை அளந்தது? குலம் அழியாமல் காக்க ஒரு பெரியவர் நடத்திய ராஜதந்திரத்தைத்தான் அது அளந்திருக்கிறது.

இதே கர்ணனுக்கு ஜப்பானில் என்ன இடம் தெரியுமா? 2015-ல் அங்கே வெளிவந்த 'ஃபேட் கிராண்ட் ஆர்டர்' என்ற கைபேசி ஆட்டத்தில் உலகத்துக் காவிய மாந்தரும் வரலாற்று மாந்தரும் கேரக்டர்களாக வருகிறார்கள். குலுக்கலில் எவ்வளவு அரிதாகக் கிடைப்பார் என்பதை நட்சத்திரங்கள் சொல்லும். கர்ணனுக்கு ஐந்து. அர்ச்சுனனுக்கும் ஐந்து. உயிராசைக்காகக் கணக்கிலேயே சேர்க்கப்படாத அசுவத்தாமனுக்கு நான்கு. ராமருக்கும் நான்கு. சீதையைப் பிரிந்த ராமரின் துயரத்தை அந்த ஆட்டம் அக்கறையோடுதான் கதையாக்கியிருக்கிறது. ஆனாலும் நான்குதான். 1964-ல் பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' படத்தில் சிவாஜி கணேசனுக்காக அழுது, 2012-ல் அது டிஜிட்டலில் மறுபடி வந்தபோது திரும்பவும் திரையரங்குக்குப் போன தமிழ்நாட்டுக்கு அந்த ஐந்து நட்சத்திரத்தில் ஆட்சேபணை இருக்காது. நான்கைப் பற்றி அயோத்தியில் கேட்டுத்தான் சொல்லவேண்டும்.

பீஷ்மருக்கும் ஜப்பானிய நிறுவனத்துக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. இருவரும் ஏவுகிற இடத்தில் இருப்பவர்கள். யாரை எங்கே நிறுத்தினால் பலன் என்று பார்ப்பவனுக்கு வரிசை தேவை. களத்துக்கு ஆள் அனுப்புகிறவன், அணி தேர்வு செய்கிறவன், கைபேசியில் விரலை வைத்திருப்பவன் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றுதான் கேட்கிறார்கள்: இவரால் எனக்கு என்ன நடக்கும்? அந்த இடத்தில் நின்று கேட்டால் தெய்வமும் கருவிதான்.

பட்டிமன்றம் அப்படியில்லையா என்று கேட்கலாம். காரைக்குடியில் சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய காலம் தொட்டு, குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த மேடைகள் வழியாகத் தமிழ்நாடு காவிய மாந்தரை வரிசைப்படுத்துவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறது. செஞ்சோற்றுக் கடன் தீர்த்ததில் சிறந்தவன் கர்ணனா, கும்பகர்ணனா? எத்தனை ஊரில் எத்தனை முறை கேட்டாயிற்று! ஆனால் இந்த ஊரில் கர்ணன் வென்றால் அடுத்த ஊரில் கும்பகர்ணன் வெல்வான், அதைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லை. தீர்ப்பு கேட்கக் கூட்டம் வருவதில்லை. ஆறு பேர் ஆறு பக்கத்திலிருந்து அந்த மனிதனைத் திருப்பித் திருப்பிக் காட்டுவதைப் பார்க்க வருகிறது. தம்பி சொன்ன நல்லது தெரிந்தும், அண்ணன் போட்ட சோற்றுக்காகச் சாகப்போகும் கம்பனின் கும்பகர்ணனை, ஸ்மைட்டில் எதிரிகளைக் கொட்டாவி விட்டே தூங்கவைக்கும் தடியனாக்கியிருக்கிறார்கள். வரிசையில் அவன் எங்கே நின்றால் என்ன, அவனுடைய பாதி ஆள் ஆட்டத்துக்குள்ளேயே வரவில்லை.

கீதையின் பத்தாம் அத்தியாயத்தையும் விட்டுவிடமுடியாது. கிருஷ்ணர் அங்கே ஒவ்வொரு வகையிலும் உயர்ந்ததை எடுத்து, அது நான் என்கிறார். எழுத்துகளில் அகரம், மலைகளில் மேரு, ஆயுதம் தரித்தவர்களில் ராமன், பாண்டவர்களில் தனஞ்சயன். எதிரே நின்று கேட்டுக்கொண்டிருப்பவனே அந்தத் தனஞ்சயன்! வஞ்சகங்களில் சூதாட்டம் நான் என்றும் சொல்கிறார். தெய்வமே போட்ட அடுக்கு இது என்று சிலர் மகிழலாம். ஆனால் அத்தியாயத்தின் முடிவில், இவ்வளவையும் அறிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது, இந்த உலகம் முழுவதையும் என் ஓர் அம்சத்தால் தாங்கி நிற்கிறேன் என்று சொல்லி அவரே அந்தப் பட்டியலைக் கலைத்துவிடுகிறார்.

திருத்தங்கலுக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் கதை இதைவிட நேராக விஷயத்துக்கு வருகிறது. மதுரையில் வல்லபதேவ பாண்டியன் பொற்கிழி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுகிறான். எந்தத் தெய்வம் பரம்பொருள் என்று நிறுவுகிறவருக்கு அந்தக் கிழி. இதைவிட வெளிப்படையாகத் தெய்வத் தரவரிசைக்குப் போட்டி வைக்கமுடியாது. நந்தவனத்தில் பூப்பறித்து மாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர், பெருமாள் கனவில் ஏவியதால் மதுரைக்குப் போய் வாதிடுகிறார். கிழி தானே வளைந்து கொடுக்கிறது. அரசன் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விடுகிறான். அதைப் பார்க்கப் பெருமாளே கருடன்மேல் தேவியோடு வானத்தில் வந்து நிற்கிறார்.

வாதத்தில் வென்றவர் அப்போது என்ன செய்யவேண்டும்? இதோ, நான் சொன்னேனே என்று விரலை நீட்டியிருக்கலாம். விஷ்ணுசித்தருக்கு வந்ததோ பயம். இவ்வளவு அழகாக, இத்தனை பேர் முன்னால் வந்து நிற்கிறாரே, கண் பட்டுவிடாதா? யானையின் கழுத்து மணிகளை எடுத்துத் தாளமாக்கிக்கொண்டு, பல்லாண்டு வாழ்க என்று பெருமாளையே வாழ்த்திப் பாடுகிறார் என்கிறது குருபரம்பரை. அதனாலேயே அவர் பெரியாழ்வார். முதலிடம் நிரூபணமான அதே கணத்தில் அந்த முதல்வன் அவருக்குத் திருஷ்டி கழிக்கவேண்டிய குழந்தையாகிவிட்டான். திவ்யப் பிரபந்தம் ஓதத் தொடங்கும்போது முதலில் வருவது அந்தத் திருப்பல்லாண்டுதான். பொற்கிழி வாங்கிக்கொடுத்த வாதங்கள் என்னவென்று கேட்டால் பக்தர்களில் பலருக்குத் தெரியாது.

சைவத்தில் சுந்தரரின் திருத்தொண்டத்தொகை இருக்கிறது. திருவாரூரில் அடியார் கூட்டத்தை வணங்காமல் போகிறான் என்று விறன்மிண்டர் கோபித்துக்கொள்ள, அதன் விளைவாகப் பிறந்த பட்டியல் அது. அறுபதுக்கு மேற்பட்ட தனி அடியார்களும் ஒன்பது தொகை அடியார்களும் அதில் வருகிறார்கள். அந்தணர், அரசர், குயவர், வேடர், வண்ணார் எல்லோருக்கும் ஒரே வாசகம்தான், நான் உங்களுக்கு அடியவன் என்று. பீஷ்மரின் பட்டியலில் ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறுகிறது. சுந்தரரின் பட்டியலில் மதிப்பெண் போட ஆளே இல்லை, போடவேண்டியவர் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

ஆனால் பிராகாரத்தில் அறுபத்துமூவரைச் சமமாக நிறுத்திய சமூகம் வாசலில் மனிதர்களை எப்படி நிறுத்தியது என்பதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிப்பது நேர்மையாகாது. சிவகாசியில் நாடார்கள் சிவன் கோயிலுக்குள் போய் வழிபடும் உரிமை கேட்டார்கள். மறுக்கப்பட்டது. 1899-ல் அது பெரும் கலவரமாகி உயிர்களைக் குடித்தது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. பிறப்பை வைத்துப் போட்ட அந்த வரிசைக்குத் திருத்தம் வரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்கிடையில், 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இந்தக் கரிசல் பூமியின் தொழில் வரைபடத்தையே மாற்றினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் ஊரிலிருந்துதான் இன்று நாடு முழுவதும் உள்ள வீடுகளுக்குச் சாமி படம் போகிறது.

அந்தச் சாமி படங்களின் கதையில் இன்னொரு வகை வரிசை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர்களின் ஆல்பம் வெளியாகும். ஆர்டர் எடுக்கும் ஏஜெண்டுகள் கனமான அந்தத் தொகுப்பைச் சுமந்துகொண்டு கடை கடையாகப் போவார்கள். ஜவுளிக்கடைக்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்: பிள்ளையார், முருகன், ஏழுமலையான், கஜலட்சுமி, மாதா, மெக்கா. கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வகுத்துக்கொடுத்த முகங்களின் சாயல் இன்றும் அந்தப் பக்கங்களில் தெரியும். கேரக்டரைத் தேர்ந்தெடுக்கும் திரை போலத்தான் இருக்கிறது. எது நிறைய ஓடும் என்று அச்சக முதலாளிக்குத் தெரியும், அது வியாபாரம். ஆனால் கடைக்காரர் கை நிற்கும் பக்கம் பெரும்பாலும் அவர் வீட்டுச் சாமியின் பக்கம். பலத்தை ஒப்பிட்டுப் பார்த்து அவர் முருகனை எடுப்பதில்லை. குலதெய்வத்தையும் யாரும் அப்படித் தேர்ந்தெடுத்ததில்லை. கண்மாய்க்கரை அய்யனாரை விடச் சக்தி வாய்ந்த சாமி வேறு ஊரில் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும், முதல் முடி இங்கேதான் இறக்கப்படும்.

லட்சுமி வெடிக்கு எதிராகச் சில இந்து அமைப்புகள் பேசிவருகின்றன, தெய்வப் படம் போட்ட பட்டாசை வாங்காதீர்கள் என்று. 2020-ல் ராகவா லாரன்ஸ் தன் 'காஞ்சனா'வை இந்தியில் எடுத்தபோது, 'லட்சுமி பாம்' என்ற தலைப்புக்குக் கர்ணி சேனா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. படம் வெறும் 'லட்சுமி'யாகி வெளிவந்தது. பெயரிலிருந்து போனது பாம்தான், தேவி அல்ல. படம் கிழிந்து தெருவில் மிதிபடுவது கண்ணை உறுத்துகிறது என்றால் அந்த வருத்தம் நியாயமானது, படத்தை எடுத்துவிட்டாலும் வெடி வெடிக்கத்தான் செய்யும். ஆனால் ஆட்டத்துக்குள் இருக்கும் தெய்வத்தின் பிரச்சினை ஆடையை மாற்றுவதாலோ படத்தை மாற்றுவதாலோ தீராது. அங்கே தெய்வம் நுழைவதே ஏவப்படுவதற்காக.

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல் வெளியிட்ட 'ராஜி' இதற்கு ஒரு வழி கண்டது. அதில் ஆடுகிறவர் கையில் வருவது ராஜி என்ற சர்க்கஸ்காரச் சிறுமி. அசுரர்கள் தூக்கிப்போன தம்பியை மீட்கப் புறப்படுகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் மேலே இருந்து அவளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், ஆயுதம் தருகிறார்கள். அவர்களை யாரும் இயக்கமுடியாது. கூத்து மேடைக்கும் பரமபதக் கட்டத்துக்கும் பழகிய கண்ணுக்கு இது இயல்பாகவே படும், காய் மறுபடியும் மனிதப்பிறவியாகிவிட்டது. வரிசை போட்டே தீரவேண்டும் என்று கை துறுதுறுப்பவர்களுக்கும் அதில் வேலை உண்டு. துர்க்கை கொடுத்த திரிசூலம் முதல் அடுக்கா, விஷ்ணு கொடுத்த வில்லா என்று ராத்திரி முழுக்கச் சண்டை போடலாம்.